முகத்துக்கு நேரே

தையல் மாஸ்டர் யாரையும் முகத்துக்கு நேரே புகழ்வதில்லை. திட்டுவதாக இருந்தால் நேரே திட்டுவார். அதற்கு இடைத்தரகர் எதற்கு என்பது அவர் எண்ணம். புகழ்வதற்கு வேறு முறை வைத்திருந்தார். புகழுக்குரியவர் எழுந்து வெளியே போகும்வரை பொறுத்திருப்பார். செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்ததும் பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பி, மனம்விட்டுப் புகழ்வார். ஒருவனை நேரில் புகழ்ந்தால் அவனுக்குத் தலைக்கனம் ஏறும். தலைக்கனம் ஏறியவன் கையில் தையல் கோணும். இது அவர் தொழிலில் இறங்கிய நாள் முதல் காத்துவந்த கொள்கை.

ஆகவே அவரைப் புகழ்ச்சியில் கஞ்சர் என்று சொல்வது நியாயமாகாது. அவர் வாயிலிருந்து நாள்தோறும் தாராளமான அளவில் பாராட்டு வந்துகொண்டுதான் இருந்தது. அவ்வளவும் விலாசம் மாறிப் போய்ச் சேர்ந்தது என்பது ஒன்றே குறை. அவர் மனைவி உயிரோடிருந்த காலத்தில், அந்த அம்மையாரின் கைப்பக்குவத்தைத் தெரு முழுவதும் அறிந்திருந்தது. அம்மையாரிடம் மட்டும் அவர் கடைசிவரை உப்பைப் பற்றியே பேசினார்.

முன்னொரு காலத்தில் ஒரு மேகம் இருந்ததாம். வயலுக்கு மேலே வரும்போதெல்லாம் இடி இடிக்கும், மின்னல் வெட்டும். மழையை மட்டும் கடலுக்கு மேலே போய்ப் பெய்யும். வயலைக் கேட்டால், அந்த மேகத்தைப் போலக் கொடியது உலகில் இல்லை என்றது. மீன்களைக் கேட்டால், அதைப் போல வள்ளல் உண்டா என்றன. மேகத்தைக் கேட்டபோது, "நான் பெய்துகொண்டுதானே இருக்கிறேன்?" என்று அது மிகவும் வருத்தப்பட்டதாம். மாஸ்டரும் அப்படித்தான்.

கோட்டும் கால்சட்டையும் தைக்கும் அவருடைய கடையில் அறைகள் இரண்டு. முன்னறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றும், வாடிக்கையாளர் ஏறி நிற்க ஒரு சிறிய மணையும் இருந்தன. பின்னறையில் நீண்ட வெட்டுமேசை, தையல் மிஷின்கள், இஸ்திரிப் பெட்டி. இரண்டுக்கும் நடுவே கதவில்லாத வாசல். வாசலில் ஒரு திரை. மாஸ்டர் முன்னறையில் நின்று வாடிக்கையாளரின் உடம்பை அளந்து, எண்களை உரக்கச் சொல்வார். திரைக்கு அப்பால் வெட்டுமேசையருகே நிற்கும் அவர் தம்பி, அவற்றைச் சாக்பீஸால் பலகையில் குறித்துக்கொள்வார். துணி வெட்டுவது தம்பியின் வேலை.

காலரும் கையும் வைத்துத் தைப்பவள் மாஸ்டரின் மருமகள். அவள் கணவன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பாதி நாள் ஏதாவதொரு நெடுஞ்சாலையில் இருப்பான். பித்தானுக்குத் துளை எடுத்து நூல் சுற்றுகிற காஜா வேலையையும் இஸ்திரியையும் செய்பவள் காஜா அக்கா. அவள் உறவுக்காரி இல்லை. ஆனால் உறவுக்காரர்கள் மூவரும் பேசாததையெல்லாம் அவளே பேசிவந்தபடியால், அந்தக் கடையில் அவள் இல்லாமல் முடியாது.

தம்பி தேநீர் குடிக்க வெளியே போனால் மாஸ்டர் மருமகளிடம் சொல்வார்:

"அவன் கத்தரி பட்டது துணிக்கே தெரியாதும்மா. மறுநாள்தான் நாம ரெண்டாப் போயிட்டோம்னு அதுக்குப் புரியும்."

மருமகள் வீட்டுக்குக் கிளம்பினால் தம்பியிடம் சொல்வார்:

"ஓடற குதிரை மேல உட்கார்ந்துகிட்டுகூட அது காலர் வைக்கும்டா. ஒரு சுருக்கம் விழாது."

இருவரும் போனபின் காஜா அக்காவிடம் இரண்டு புகழையும் சேர்த்துச் சொல்வார். காஜா அக்கா இல்லாதபோது அவளைப் பற்றி என்ன சொல்வாரோ, அது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், "இது காஜாவா, எலி கடிச்ச ஓட்டையா?" என்ற கேள்வி ஒன்றுதான்.

இதன் பயனாக, ஒவ்வொருவருக்கும் மற்றவர்களுடைய பெருமை மனப்பாடமாகவும், தம்முடைய குறைகள் மட்டுமே தெரிந்ததாகவும் ஆகிவிட்டது. தனக்குப் பின் கடையை மருமகள் கையில் ஒப்படைக்கத்தான் அண்ணன் இப்படி அடிபோடுகிறார் என்று தம்பி முடிவுகட்டியிருந்தார். கடை சின்ன மாமனாருக்குத்தான் என்று மருமகளும் முடிவுகட்டி, வேறு ஊரில் வீடு பார்க்கும்படி கணவனிடம் சொல்வதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவருக்கொருவர் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டார்கள். பகை முற்றியிருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மருமகளின் புகழ் தொடங்கினால் தப்பிக்கத் தம்பி ஓர் உபாயம் கண்டுபிடித்திருந்தார். "மருமகளைப் பாரு..." என்று அண்ணன் வாயெடுத்ததும், மேசைமேல் கிடக்கும் துணியை இரு கையாலும் பிடித்துப் படார் படாரென்று உதறத் தொடங்குவார். அண்ணனின் உதடுகள் நின்றபிறகுதான் உதறலும் நிற்கும். துணியில் அவ்வளவு தூசி எப்படி வருகிறது என்று மாஸ்டர் சில சமயம் வியந்ததுண்டு.

இனி அளவு நாடாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மாஸ்டரின் கழுத்தில் எப்போதும் தொங்கிய டேப்பில் முதல் அங்குலம் கிடையாது. என்றோ ஒரு நாள் முனையிலிருந்த தகடு கழன்று, அதோடு அந்த அங்குலமும் நைந்து போய்விட்டது. நல்ல டேப்பை ஓர் அங்குலத்துக்காக எறிவதா என்று மாஸ்டர் அதையே வைத்துக்கொண்டார். அதனால் அவர் முப்பத்தெட்டு என்றால் உண்மையில் முப்பத்தேழு. தம்பி எதையும் கேட்காமல் எல்லா அளவிலும் ஒன்றைக் கழித்து வெட்டுவார். கோட்டு சரியாக உட்காரும். கிழிந்த டேப்பைப் பற்றி வாடிக்கையாளர் முன்னால் மூச்சு விடக்கூடாது என்பது கடையின் எழுதாத சட்டம்.

அந்த டேப்பில் எண்களும் அழியத் தொடங்கியதைக் கண்ட மருமகள், அதே நிறத்தில் புதிய டேப் ஒன்று வாங்கி வந்து மாமனாரிடம் கொடுத்தாள்.

"பழசுக்கு என்ன கேடு? வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்க மாட்டியா?" என்றார் மாஸ்டர் அவள் முகத்துக்கு நேரே. அவள் உள்ளே போனதும் புதியதைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் அவள் வருவதற்கு முன், தம்பியிடம் அவளைப் பற்றி நெடுநேரம் மனமுருகிப் பேசினார். தம்பி அன்று ஒரு முழுக் கம்பளித் துணியையும் உதறி முடித்தார்.

அதே வாரத்தில்தான் மாப்பிள்ளை வந்தார். அவர் அந்தக் கடையில் யாருக்கும் மாப்பிள்ளை அல்லர். தம் கல்யாணத்துக்குக் கோட்டுத் தைக்க வந்தவர் என்பதால் காஜா அக்கா அப்படிக் கூப்பிட்டாள், அதுவே நிலைத்துவிட்டது. கூச்ச சுபாவமுள்ள இளைஞர். கைகளை உயர்த்தச் சொன்னால், கீழே இறக்கச் சொல்லும்வரை அப்படியே நிற்பார். மாஸ்டர் புதிய டேப்பால் அளந்து, "மார்பு முப்பத்தேழு! கை இருபத்து நாலு!" என்று குரல் கொடுத்தார். திரைக்கு அப்பாலிருந்து, "ஆச்சு" என்ற பதில் வந்தது.

அளவு சரிபார்க்க வந்து மாப்பிள்ளை கோட்டை மாட்டிய அன்று, முன்பக்கம் ஒன்றோடொன்று சேர மறுத்தது. மணிக்கட்டு இரண்டும் வெளியே எட்டிப் பார்த்தன. மாப்பிள்ளை கண்ணாடியில் தம்மைப் பார்த்து, "நான் கொஞ்சம் குண்டாயிட்டேன் போல" என்றார்.

"கையுமா நீளும்?" என்றாள் காஜா அக்கா.

மாஸ்டர் திரையை விலக்கினார். "டேய், இங்க வா!"

தம்பி வந்து நின்றார்.

"நான் சொன்னது உன் காதுல விழுந்ததா இல்லையா?"

"விழுந்தது."

"முப்பத்தேழுன்னு சொன்னா முப்பத்தாறா வெட்டுவே?"

"எப்பவும் போலத்தான் வெட்டினேன்."

"எப்பவும் போலன்னா? எப்பவுமே இப்படித்தான் வெட்டறியா? கத்தரி பிடிக்கத் தெரியாதவனை மேசைக்கு முன்னாடி நிறுத்தினேன் பாரு, என்னைச் சொல்லணும். நீயெல்லாம் புல்லு வெட்டப் போயிருந்தா மாடாவது வாழ்த்தியிருக்கும்."

வெளியே போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளை, இறுகிய கோட்டுக்குள்ளிருந்து, "பரவாயில்லீங்க, நான் மூச்சை அடக்கிக்கறேன்" என்றார்.

அந்த ஓர் அங்குலத்தைப் பற்றித் தம்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் முன்னால் டேப்பைப் பற்றிப் பேசுவதில்லை. புதிய டேப்பைப் பற்றித்தான் சொல்லியாகிவிட்டதே என்று மாஸ்டரும் கேட்டிருக்கலாம். அவரையும் அதே சட்டம் தடுத்தது. இருவரும் கடையின் மானத்தைக் காத்தார்கள். தம்பி கத்தரியை மேசையில் வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து, கத்தரியின் மேல் வைத்தார்.

"எதிர்க்கடையில வெட்டுமேசை காலியா இருக்கு. வரச் சொல்லி அந்தக் கடைக்காரர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கார். திங்கட்கிழமை அங்க போறேன். வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

"போறவன் போகட்டும்" என்றார் மாஸ்டர். தம்பியின் செருப்புச் சத்தம் மறைந்ததும் காஜா அக்காவின் பக்கம் திரும்பி, "அவனை மாதிரி ஒரு கட்டர் இந்த ஊர்லயே கிடையாது" என்றார்.

காஜா அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அதை ஒரு நிமிஷம் முன்னாடி சொல்லியிருக்கலாமே மாஸ்டர்?"

கல்யாணம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. கோட்டைப் பிரித்துச் சரிசெய்யும் பொறுப்பு மருமகளிடம் வந்தது. அவள் விலாப்பக்கத் தையலைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இரண்டு விரல் அகலம் துணி மடிந்திருந்தது. தம்பி எப்போதும் ஓரத்தில் தாராளமாகத் துணி விட்டு வெட்டுவார். துணியை வீணாக்குகிறாய் என்று அதற்கும் நேரில் திட்டு வாங்குவார். எங்கே எவ்வளவு பிரிக்கலாம், தோளை எப்படிச் சமாளிப்பது என்பது வெட்டியவருக்குத்தான் தெரியும். ஆகவே அவள் கோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அன்று மாலையே சின்ன மாமனார் வீட்டுக்குப் போனாள்.

தம்பி கூடத்தில் உட்கார்ந்து, கழன்ற ஒரு கைப்பிடியைக் குடையில் பொருத்திக்கொண்டிருந்தார்.

"சின்ன மாமா, எங்கெங்க பிரிக்கலாம்னு மட்டும் குறிச்சுக் கொடுங்க. நான் போயிடறேன்" என்றாள் மருமகள்.

"உனக்குத் தெரியாததா? உன்னை விட்டா ஆளு ஏது?"

"இப்படிக் குத்திக் காட்ட வேணாம்."

"நான் எங்க குத்தினேன்? அண்ணன் சொல்றதைச் சொன்னேன். ஓடற குதிரை மேல உட்கார்ந்துகூட நீ காலர் வைப்பியாம்."

"யாரு, மாமாவா? என்கிட்ட, 'இது காலரா, கழுத்துல போட்ட சுருக்கா'ன்னுல்ல கேட்டார்?"

தம்பி குடையைக் கீழே வைத்தார். "வாரத்துக்கு ஒரு தடவையாவது குதிரை ஏத்தாம விடமாட்டார் உன்னை."

"நீங்க மட்டும் என்னவாம்? உங்க கத்தரி பட்டது துணிக்கே மறுநாள்தான் தெரியுமாம். உங்களுக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் சாக்பீஸ் கோட்டுல ஒரு நூல் விலகாதாம். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு."

"என்னைப் பத்தியா?"

"பின்னே என்னைப் பத்தியா?"

"மாடு வாழ்த்தும்னு இன்னைக்குத்தானே சொன்னார்."

"அது உங்க முன்னாடி. நீங்க அந்தப் பக்கம் போனதும் மாடும் இல்லை, புல்லும் இல்லை."

ஒருவர் வீட்டுத் தபால் மற்றவர் வீட்டில் பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்ததைக் கண்டவர்கள்போல் இருந்தது அவர்கள் முகம். மகிழ்ச்சி என்று அதைச் சொல்லமுடியாது. மகிழ்வதற்கு முன் அவரவர் பட்ட எரிச்சலையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. அதற்குக் கொஞ்சம் நேரமாகும்.

தம்பி கோட்டை மடியில் விரித்தார். மருமகள் கேட்டாள்: "மார்பு, கை, முதுகு, எல்லாத்துலயும் ஒரே மாதிரி ஒரு அங்குலம் குறையுதே, ஏன் சின்ன மாமா?"

"வழக்கம்போலக் கழிச்சேன். அவர் டேப்புதான் தெரியுமே."

"அது புது டேப்பாச்சே! நான்தானே வாங்கிக் கொடுத்தேன். மாமா உங்ககிட்ட சொல்லலையா?"

தம்பி சாக்பீஸைக் கையில் உருட்டினார். "சொல்லியிருப்பார். உன் பேரை எடுத்து ஆரம்பிச்சிருப்பார். நான் துணி உதறியிருப்பேன்."

"எதுக்கு உதறணும்?"

"உன் குதிரைச் சத்தம் கேட்காம இருக்கத்தான்."

மருமகள் சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள். தம்பியும் சிரித்தார். ஆனால், "அப்போ திங்கட்கிழமை நம்ம கடைக்கே வந்துடுங்க" என்று அவள் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது.

"அதெப்படி? அவர் திட்டினதை அவரே சொன்னார், வாடிக்கைக்காரர் முன்னாடி, தெருவுல ரெண்டு பேர் பார்க்க. புகழ்ந்ததை நீ வந்து சொல்றே. எதும்மா கனம்? நீ பொய் சொல்லமாட்டே, தெரியும். ஆனா உன் வாயால கேட்டா அது உன் புகழ்ச்சி. அவரோடது இல்லை. எதிர்க்கடைக்காரருக்கு வாக்கும் கொடுத்துட்டேன்."

பிறகு, பிரிக்கவேண்டிய இடங்களில் ஒவ்வொன்றாகச் சாக்பீஸ் கோடு போட்டு, தோளை எப்படித் தளர்த்துவது என்று விளக்கிச் சொல்லிக் கோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை மருமகள், கோட்டை மிஷினில் வைத்தபடியே மாமனாரிடம் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"மாமா, டேப் மாத்தினது சின்ன மாமாவுக்குத் தெரியாது."

"தெரியாதா? நான் வாய் வலிக்கச் சொன்னேனே!"

"எப்படிச் சொன்னீங்க?"

"எப்படின்னா? 'மருமகளைப் பாரு. நாம சொல்லாமலே நமக்கு என்ன தேவைன்னு பார்த்துச் செய்யுது. பெத்த பொண்ணு இருந்தாகூட இவ்வளவு அக்கறை வருமான்னு தெரியலை. இந்தக் கடையில கண்ணைத் திறந்து வேலை செய்யறது அது ஒண்ணுதான். என் டேப் நைஞ்சு போனது உனக்குப் பட்டுதா, எனக்குப் பட்டுதா? அதுக்குத்தான் பட்டுது, புதுசா வாங்கிட்டு வந்திருக்கு'ன்னு தெளிவாத்தான் சொன்னேன்."

மிஷின் ஓசை நின்றுவிட்டது. மருமகள் ஊசியில் நூல் கோக்க முயன்றாள். நூல் இரண்டு மூன்று முறை ஊசிக் காதைத் தவறவிட்டது.

"இதுல டேப்பு எங்க மாமா வருது?" என்றாள் கடைசியில், ஊசியைப் பார்த்தபடி.

மாஸ்டர் யோசித்தார். "கடைசியில வருது."

"அதுவரைக்கும் யாரு கேட்பாங்க?"

தாம் யாரிடம் என்ன சொல்லிவிட்டோம் என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அவசரமாக, "அந்தக் கைத் தையல் கோணுது பாரு" என்றார். அது கோணவில்லை. சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில் தொடங்கினார்: "அவன் உள்ள துணி விட்டிருக்கான் பார்த்தியா? அதுதான் அவன். நாளைக்கு யாருக்கு என்ன ஆகுமோன்னு..."

"என்கிட்ட சொல்லாதீங்க மாமா. அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"முகத்துக்கு நேரேயா?"

"திட்டினது முதுகுக்கா?" என்று காஜா அக்கா இஸ்திரி மேசையிலிருந்து கேட்டாள்.

அன்று பிற்பகல் மாஸ்டர் தம்பி வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனத்தில் அடுக்கிக்கொண்டு போனார். தம்பி கதவைத் திறந்தார். மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"என்னடா கதவு இது, இப்படிக் கிறீச்சிடுது? ஒரு சொட்டு எண்ணெய் விடக்கூடவா உனக்கு நேரமில்லை?"

"விடறேன்" என்றார் தம்பி.

"வாசல்ல செருப்பு ஒண்ணு கிழக்க கிடக்கு, ஒண்ணு மேற்க கிடக்கு."

தம்பி செருப்பைச் சேர்த்து வைத்தார். மாஸ்டர் தண்ணீர் கேட்கும் சாக்கில் உள்ளே போய், தம்பியின் மனைவியிடம், தம்பி காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, தம்பியின் அருமை பெருமைகளையெல்லாம் எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே ஒரு குவளை தண்ணீர் நிரப்பினாள். பிறகு இரண்டாவது குவளையும் நிரப்பினாள்.

"இதை அவர்கிட்டயே சொல்லக்கூடாதா?" என்றாள்.

"தலைக்கனம் ஏறிடும்மா" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் தண்ணீரைக் குடித்து வீடு திரும்பினார்.

திங்கட்கிழமை வந்தது. தம்பி எதிர்க்கடைக்குப் போனார். வெட்டுமேசையருகே யாருமில்லாத பின்னறைக்குள் மாஸ்டர் மூன்று முறை போய் மூன்று முறை வெளியே வந்தார். புதிதாக அளவு கொடுக்க வந்த ஒருவரை அளந்து, வழக்கம்போல் எண்களை உரக்கச் சொன்னார். "ஆச்சு" என்று பதில் வராததால், அளப்பதை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் அந்த மனிதரின் கையை இரண்டாவது முறையும் அளந்தார்.

எதிர்க்கடைக்காரரின் பழக்கம் நேர்மாறானது. அவர் எதிர்ப்பட்டவரையெல்லாம் முகத்துக்கு நேரே புகழ்வார். தம்பி கத்தரியைக் கையில் எடுத்ததும், "பிரமாதம்!" என்றார். இன்னும் எதையும் வெட்டவில்லையே என்று தம்பி சொன்னதற்கும், "பிரமாதம்!" என்றார். பெருக்குகிறவர் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்தபோதும் அதே சொல்தான் வந்தது. அந்தக் கடையில் ஒருவரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பிரமாதம் என்ற சொல் அங்கே மின்விசிறிச் சத்தம் போல ஓடிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் தம்பிக்கு, நன்றாக ஒரு திட்டு வாங்கினால் தேவலை என்று தோன்றத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அவர் குனிந்த தலை நிமிராமல் வெட்டினார்.

மாலையில் மாப்பிள்ளை வந்தார். பிரித்துத் தைத்த கோட்டை மாட்டினார். முன்பக்கம் இரண்டும் சேர்ந்தன. மணிக்கட்டு மறைந்தது. வலது தோளில் மட்டும் சிறு தூக்கல் இருந்தது. மருமகள் அங்கே குண்டூசி செருகியிருந்தாள். மாப்பிள்ளை மூச்சை மெதுவாக வெளியே விட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

"நல்லா இருக்குங்க. துணி வெட்டுற அந்த அண்ணன் எங்கே?" என்றார்.

மாஸ்டர் கண்ணாடியில் தெரிந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். இவர் இந்த மணைமேல் நின்றுகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. இவர் நாளை யாரிடமாவது, அந்தக் கடைக்காரரின் தம்பிக்கு வெட்டத் தெரியாது என்று சொன்னால், அது பொய் என்று இவருக்குத் தெரிய ஒரு வழியும் இல்லை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் என்கூட வரீங்களா?" என்றார் மாஸ்டர்.

"கோட்டைக் கழட்டட்டுமா?"

"வேணாம். அப்படியே வாங்க."

கையில் சாக்பீஸ் கோடுகளும் தோளில் குண்டூசியுமாக மாப்பிள்ளை தெருவைக் கடந்தார். அவருக்கு முன்னால் மாஸ்டர், பின்னால் ஊசிமெத்தையோடு மருமகள். மிதிவண்டியில் போன ஒருவர் நிறுத்தி வழிவிட்டார். காஜா அக்கா கடையைத் தனியே விடமுடியாமல் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

எதிர்க்கடையில் நாலைந்து பேர் வேலையில் இருந்தார்கள். எதிர்க்கடைக்காரர் எழுந்து, "வாங்க, வாங்க! என்ன கோட்டு! பிரமாதம்!" என்றார். தம்பி கத்தரியை நிறுத்தி நிமிர்ந்தார்.

மாஸ்டரின் கண் முதலில் தம்பியின் மேசைமேல் சிதறிக் கிடந்த துண்டுத் துணிகளில் போய் விழுந்தது. அவர் உதடு அசைந்தது. மருமகள் பின்னாலிருந்து, "மாமா" என்றாள். அவர் கண்ணை அங்கிருந்து எடுத்துத் தம்பியின் முகத்தில் வைத்தார்.

"அன்னைக்கு இவர் பார்க்க உன்னைத் திட்டினேன். அதனால இவரையும் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார். பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "உங்க கோட்டு சின்னதாப் போனதுக்குக் காரணம் இவன் இல்லை. எங்க கடையில ரொம்ப வருஷமா கிழிஞ்ச டேப்பை வச்சு அளந்துக்கிட்டிருந்தேன். ஒரு அங்குலம் கிடையாது அதுல. இவன்தான் ஒவ்வொரு தடவையும் கழிச்சுக் கழிச்சு வெட்டி, என் மானத்தைக் காப்பாத்தினான்."

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தம்பி பதறிப்போனார். "அண்ணே, அதை ஏன் இங்க வந்து..."

"இரு. டேப்பை மாத்தினேன். உன்கிட்ட சொன்னதா நினைச்சுக்கிட்டேன். எதையோ சொல்லி அதுக்குள்ள இதை மறைச்சு வச்சுட்டேன். தப்பு உன் கத்தரியில இல்லை. என் வாயில." அவர் ஒரு முறை மூச்சு வாங்கினார். "கத்தரி பிடிக்கத் தெரியாதவன்னு சொன்னேன். அது தப்பு. என்னை மன்னிச்சுடு."

"பிரமாதம்!" என்றார் எதிர்க்கடைக்காரர், தம்மையறியாமல்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. துணிக்கே தெரியாமல் வெட்டும் கத்தரி, கண்ணைக் கட்டினாலும் விலகாத கோடு, இத்தனை ஆண்டுகள் மருமகளுக்கும் காஜா அக்காவுக்கும் வாரி வழங்கிய உவமைகள் எல்லாம் மாஸ்டரின் நெஞ்சுவரை வந்து நின்றன. வாய்வரை ஒன்றும் வரவில்லை. அவர் முகம் சிவந்தது.

"நீ நல்லா வெட்டுவே" என்றார்.

அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகூட இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கும். தம்பியின் மறுகையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளையிடம் வந்து, தோளில் இருந்த குண்டூசியை எடுத்து, விரல்விட்டுப் பார்த்து, ஒரு நூல் உள்ளே தள்ளிச் செருகினார். "இங்க பிடிச்சுத் தை, தூக்காது" என்று மருமகளிடம் சொன்னார். அண்ணனைப் பார்க்காமலே, "இந்த வாரம் முழுக்க வேலை செய்றேன்னு இவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். முடிச்சிட்டு அடுத்த திங்கட்கிழமை வரேன்" என்றார்.

"வா" என்றார் மாஸ்டர்.

எல்லாரும் கிளம்புவார்கள் என்று எண்ணித் தம்பி மேசைக்குத் திரும்பினார். மாஸ்டர் கிளம்பவில்லை. ஒரு முறை திறந்த வாயை உடனே மூட அவருக்கு மனமில்லை போலும். கடை வாசலில், தெருவில் போவோர் வருவோர் நடுவே நின்றுகொண்டு, இப்போது கொஞ்சம் உரக்கவே தொடங்கினார்:

"உள்ள ரெண்டு விரல் துணி விட்டு வெட்டுறே பாரு, அது நல்ல பழக்கம். அதுக்கு நான் உன்னைத் திட்டியிருக்கேன். இனிமே திட்ட மாட்டேன். அப்புறம் அந்த முதுகுப் பக்கம் வளைச்சு எடுக்கறது இருக்கே..."

தம்பிக்குக் காது வரை சூடேறியது. கை தன்னிச்சையாக மேசைமேல் இருந்த துணியைப் பற்றியது, ஆனால் உதறவில்லை.

"போதும்ணே. ஜனங்க பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்டா" என்றார் மாஸ்டர். "திட்டினப்போ பார்த்தாங்க இல்லையா?"